பிணம் சிரிக்கக் கூடாது

4-2-1984, தருமபுரி

நேற்று பெங்களூர் பிலிம் சொசைட்டியில் ஓர் ஐரோப்பியப் படம். ஒருத்தி ஜன்னலைப் பார்க்கிறாள். பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, படத்துக்குள்ளும் இல்லை. முடிந்ததும் ஜிப்பாக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் பாதிப் படம் குறட்டை விட்டவர். அவர்தான் பலமாகத் தட்டினார்.

ரயிலில் திரும்பும்போது வயிறெரிந்துகொண்டே வந்தேன். பம்பாய்க்காரன் ஏழ்மையைக் காட்டினால் சேலைக் கிழிசலைக்கூட அளவெடுத்துக் கிழித்திருப்பான். வங்காளத்தில் ஒருவர் செத்தால் உடனே ஆற்றில் படகு போக வேண்டும். மலையாளத்தில் மழை பெய்ய வேண்டும். நம் மெட்ராஸைப் பற்றி எழுதினால் மை தண்டம். அம்மா சாகக் கிடப்பாள், மகன் கோயில் மணியைப் பிடித்து ஆட்டுவான், அவள் எழுந்து உட்காருவாள். போன வருஷம் ஒரு சிங்களப் படம் பார்த்தேன். முக்கால்வாசி நன்றாகவே இருந்தது. கடைசியில் சூரியனை உதிக்க வைத்துக் கெடுத்துவிட்டான்.

சோறு போடும்போது என் மனைவி நசீம் கேட்டாள்: "உலகத்துல உங்களுக்குப் புடிச்ச படம்னு ஒண்ணாவது இருக்குதுங்களா?"

என் படம் இருக்கிறது என்றேன். சாப்பிடுங்க என்றாள்.

9-2-1984

என் படத்தின் பிரிண்டை மெட்ராஸ் லேபிலிருந்து தீர்த்தகிரி கொண்டுவந்துவிட்டான். என் கேமராமேன். இருப்பது இந்த ஒரே பிரிண்ட். இந்த மாசமே டில்லி விழாத் தேர்வுக்குப் போயாக வேண்டும். தேர்வானால் நாலு ஊரில் பார்ப்பார்கள். இல்லையென்றால் பெட்டியில் கிடக்கும்.

அதற்கு முன் இண்டூரில் போட்டுக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே எடுத்த படம், அந்த ஜனங்களே நடித்தது. கிணறு வற்றுகிறது, தாய் சாகிறாள், பாடை போகிறது. பிறகு காலிக் கிணறு. பிறகு இருட்டு. ஆறுதல் என்ற பேச்சே கிடையாது.

தாயாக நடித்த மாதம்மாள் களை வெட்டப் போகிறவள். ஷூட்டிங் முடிந்த கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பாடையில் படுக்க வைத்ததால்தான் என்று ஊரில் பேச்சாம். பிணமாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து, தோஷம் கழிய ஒரு ஷாட் எடுப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அன்றைக்குத் தீர்த்தகிரியும் கெஞ்சினான். மூடநம்பிக்கைக்கெல்லாம் பிலிம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

14-2-1984

கோபத்தில் எழுத்து கோணுகிறது, போகட்டும்.

இண்டூரில், காஜாவின் டென்ட் கொட்டாயில் படம் ஓடியது. பாடை போனது. கிணறு வந்தது. இருட்டு வந்தது. ஜனங்கள் எழப் போனார்கள் — மறுபடி வெளிச்சம். பாடை மேல் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் மாதம்மாள். மூக்கில் வைத்த பஞ்சோடு, வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரிக்கிறாள்.

கொட்டாயே கூப்பாடு போட்டது. ஒரு பக்கம் விசில், பெண்கள் பக்கம் அழுகை. யாரோ "மாதம்மா" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். என் முடிவு நாறிப்போச்சு. மணியடிச்சு எழுப்புற மெட்ராஸ்காரனுக்கும் எனக்கும் இப்ப என்ன வித்தியாசம்?

எவன்டா ஒட்டினது என்று கத்தினேன்.

"நான்தான் சார். அன்னைக்கு நீங்க போன பொறவு எடுத்தேன். லேப்ல கடைசியா சேக்கச் சொன்னேன்" என்றான் தீர்த்தகிரி.

"எடுத்தும் செத்துட்டாளே. எங்கடா போச்சு உன் தோஷம்?"

"அதுக்கில்லீங்க. படத்துலயும் பொணமாவே வுட்டா நல்லாவா இருக்கும்?"

15-2-1984

காஜா வீடு தேடி வந்தான். இன்னும் நாலு நாள் ஓட்டுகிறானாம். "நடுவுல தூங்குறவங்களைக் கடைசியில எழுப்பி உட்டுடறாங்க சார், மாதம்மா வர்றான்னு." என் படத்துக்கு இப்படி ஒரு பாராட்டு.

20-2-1984

காஜாவிடமிருந்து படப்பெட்டி வந்தது. வெட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து மாதம்மாளின் மகள் காவேரி. இண்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

"எங்கம்மாவுக்கு வேற போட்டோ கெடையாதுங்க. வெட்டப் போறீங்கன்னாங்க. வேணாங்க."

டில்லியில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள், துண்டை உனக்கே தருகிறேன் என்றேன். என்னவோ பெரிய தாராளம். வெட்டிக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெதுவாக இழுத்து இழுத்து முழுத் துண்டையும் பார்த்தாள்.

"இதுல சிரிக்கலைங்களே. எல்லாத்துலயும் வாயத் தொறந்துக்கிட்டு சும்மா இருக்குது."

அது அப்படித்தான் என்றேன்.

"ஓட்டினாத்தான் சிரிக்குமாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இத வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ண?" மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

21-2-1984

காலையெல்லாம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிணம் சிரிக்கக் கூடாது. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

22-2-1984

துண்டை மறுபடி ஒட்டியாச்சு. மொரப்பூர் ஸ்டேஷனில் பெட்டியை டில்லிக்குப் போட்டோம். தீர்த்தகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பேசாம வா என்றேன்.

11-4-1984

தேர்வாகவில்லை. 'படத்தின் தொனிக்கு ஒவ்வாத முடிவு' என்கிறது டில்லி. அட்சரம் பிசகாமல் நான் சொன்னதுதான். ஆனால் அவர்கள் சொன்னதும் பற்றிக்கொண்டு வருகிறதே, ஏன்? ஜன்னலுக்குக் கைதட்டுகிற கும்பல். மாதம்மாளைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

6-5-1984

பிரிண்ட் திரும்பி வந்ததும் காஜா வாங்கிப் போய்விட்டான். நானும் இண்டூர் போனேன். மணலில் காவேரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

இருட்டு வந்தது. யாரும் எழவில்லை.

ஃப்ரேம் கோணல். தலைக்கு மேல் கால்வாசி வெறும் வானம். ஓரத்தில் தீர்த்தகிரியின் நிழல் விழுந்திருக்கிறது. வெயில் கூடி, பாதி முகம் வெளுத்துவிட்டது. மாதம்மாள் சிரித்தாள். காவேரியும் திரையைப் பார்த்துச் சிரித்தாள். நான் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நசீம் கேட்டாள், படம் எப்படிங்க இருந்துச்சு என்று.

கடைசி ஷாட் நன்றாக இருந்தது என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "யார் எடுத்ததுங்க?" என்றாள்.

தீர்த்தகிரி என்றேன்.