கீழ்த்தள வகுப்பின் கடைசி இலையுதிர்காலம்

செப்டம்பர் 8
நூலகக் கீழ்த்தளத்தில் மறுபடியும் வகுப்பு தொடங்கியது. பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குத் தேர்வு எழுதப் பயிற்சி. நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் சான்றிதழ் இல்லாமல் இந்தக் கென்டக்கி மலையில் கடை கூட்டும் வேலைகூடக் கிடைப்பதில்லை. போன வருடம் நாற்காலி போதவில்லை. இன்று ஒடெஸ்ஸா டாக்கெட், சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்த வெர்ஜில் ஸ்டாம்பர், இன்னும் சிலர்.

செப்டம்பர் 15
வரலாறு. தொழிலாளர் சங்கம் கேட்டு இதே மலையில் நடந்த வேலைநிறுத்தம்.
"கடைசில ஜெயிச்சாங்களா, மிஸ் லார்னா?" என்றாள் ஒடெஸ்ஸா.
"ஜெயிச்சாங்க. சங்கம் வந்துச்சு."
"அது இப்ப எங்க?"
பலகையில் எழுதியதை அழிக்கத் தொடங்கினேன்.

செப்டம்பர் 29
உளவியல். ஓயாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய், பிறகு தப்பிக்க வழி விட்டாலும் அசையாமல் கிடந்த சோதனையைச் சொன்னேன். வெர்ஜில் இருமி முடித்து, "அது நாயோட தப்பா? கம்பியப் புடிச்சவன யாரும் சோதிக்கலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 6
மாதக் கடைசியோடு வகுப்பை மூட, எங்கள் மாவட்டமான கவுண்டியின் நிர்வாகம் அடுத்த வாரக் கூட்டத்தில் ஓட்டெடுக்கப் போகிறதாம். ஆள் வருவதில்லையாம். இன்றைய குடிமையியல் பாடத்தை மாற்றினேன்: கவுண்டிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம்.
"பேசினா கேப்பாங்களா?"
"கேக்கணும், ஒடெஸ்ஸா. அதான் சட்டம்."
எந்த தைரியத்தில் சொன்னேன்?

அக்டோபர் 13
கவுண்டிக் கூட்டம். ஒடெஸ்ஸா சர்ச்சுக்குப் போகும் உடுப்பில் வந்திருந்தாள். அவள் முறை வந்ததும் எழுந்தாள். "ஒம்பதாவதோட நின்னவ நான். எம் பொண்ணு பாடத்துல சந்தேகம் கேட்டா குளியலறைக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவேன். இந்த வகுப்புக்கு வந்தப்புறம் ஒளியல." அவ்வளவுதான் பேசினாள். கவுண்டித் தலைவர் கைப்பேசியிலிருந்து நிமிரவே இல்லை. "நன்றிம்மா. அடுத்து?" என்றார்.
ஓட்டெடுப்பு. வகுப்பை மூட உறுப்பினர்களின் எல்லாக் கைகளும் உயர்ந்தன.
வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வெர்ஜில் சொன்னார்: "கை தூக்க அவனுங்களுக்கு மூச்சே வாங்கலை பாத்தியா?"
நான்தானே இவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நான்தானே.

அக்டோபர் 27
கடைசி வகுப்பு. வெர்ஜில் ஆஸ்பத்திரியில். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டோம்.

நவம்பர் 3
தேர்தல். பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். போய் என்ன ஆகப்போகிறது?
மாலையில் ஒடெஸ்ஸாவின் அழைப்பு. "வாழ்க்கைல மொத ஓட்டு, மிஸ் லார்னா! ஆனா அந்தத் தலைவர எதுத்து ஒருத்தருமே நிக்கல. அந்த எடத்த வெறுமனே விட்டுட்டு வந்தேன். நீங்க எப்பப் போனீங்க?"
"காலையிலேயே."
போனை வைத்ததும் மேல்கோட்டைத் தேடினேன்—வெட்கம்தான், வேறென்ன. மூடப்போகிற நேரம். சாவடியில் கூட்டமே இல்லை. தலைவர் பெயருக்குக் கீழே, வேறு யாரையாவது எழுதுவதற்கென்று ஒரு வெற்றுக் கோடு. அதில் ஒடெஸ்ஸா டாக்கெட் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.
முன்கூட்டியே பதிவு செய்யாத பெயரை எண்ண மாட்டார்கள். நானே நடத்திய பாடம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டேன்.