வாப்பாவின் பத்து ரியால்

ஜூன் 12, வியாழன்

வீட்டில் காஸ் முடிந்து மூன்று நாள். இன்று காலை என் கணவருடைய பணப்பையில் இருந்த ஐந்து பத்து ரியால் நோட்டுகளையும் கல்முனையில் காசு மாற்றும் கடையொன்றில் மாற்றி, சிலிண்டர் எடுத்து வந்தேன். கட்டாரில் அவர் மௌத்தாகி, அங்கேயே அடக்கம் செய்த பிறகு, உடுப்புகளோடு வந்த பணப்பை அது. ஒன்றரை வருடமாக அதில் கை வைக்காமல் இருந்தேன்.

பின்னேரம் மகள் சிப்னா வந்து என் மடியில் காசைக் கொட்டினாள். எல்லாம் இருபதும் ஐம்பதுமாக. பக்கத்து வீட்டு மாமிக்கு மிக்சர் பக்கட் கட்டிக் கொடுத்துச் சேர்த்தது. பத்து வயதுப் பிள்ளை.

"உம்மா, பத்து ரியால் எண்ணூத்தி இருபது ரூபாயாம். டீச்சர்ட்ட கேட்டுப் படிச்சன். வாப்பாட நோட்டுல ஒண்ட எனக்கு வித்திடுங்க. நான் மாத்த மாட்டன், வெச்சிருப்பன்."

"எல்லாத்தையும் மாத்திட்டன் மகள்" என்றேன். அவள் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஓட்டோ பிடித்து இருவரும் அந்தக் கடைக்கு ஓடினோம். காலையில் நான் கொடுத்த நோட்டுகளைக் கட்டாருக்குப் பயணம் போகும் ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். கடைக்காரர் இரங்கி, வேறொரு பத்து ரியாலை நீட்டினார்.

"எல்லாம் ஒரே பெறுமதிதானே மகள்."

அவள் அதை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"ஓம். ஆனா இத வாப்பா தொடல்லயே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வரும் வழியில், "காஸ் இல்லாட்டி எப்படி உம்மா சமைக்கிற" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். இப்போது தூங்குகிறாள். அவள் என்னைக் கோபித்திருந்தால் எனக்கும் நித்திரை வந்திருக்கும்.