மூணு நாள் பத்தியம்

எலின்னுதான் நெனச்சேன், வேற என்ன நெனப்பேன்? உன் வியாதியை யாரு முதல்ல கண்டுபிடிச்சாங்கன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பக் கேக்கற. உனக்கு அஞ்சு வாரம், எனக்குப் பத்தொம்பது வயசு, படிப்பைப் பாதியில விட்டவ. வீடு பூரா எலி நாத்தம். கட்டிலை நகத்தி பீரோவை இழுத்துப் போட்டுத் தேடினேன், உங்கப்பா பொறி வேற வாங்கிட்டு வந்து வெச்சார். கடைசில பாத்தா நாத்தம் நீ நனைச்ச துணியில. அதைக் கவர்ல சுத்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனா, வீட்டைச் சுத்தமா வெச்சுக்கம்மான்னு நர்ஸ் சிரிக்குது. அந்த ஒல்லி டாக்டர் ஒருத்தர்தான் வாங்கி மோந்து பாத்தார். அவரும் இதைப் புத்தகத்துலதான் பாத்திருக்கார். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தது, பால் முட்டை பருப்புல இருக்கற ஒரு சத்தை இவ உடம்பு கரைக்காது, அது தேங்கி மூளையைக் கெடுக்கும்னார். அவர் கணக்குப் போட, நான் நகைக்கடைத் தராசை இரவல் வாங்கி வாய்க்குப் போறதையெல்லாம் நிறுக்க, வாரா வாரம் உன்னைக் குத்தி ரத்தம் எடுத்து, கூட்டிக் கொறச்சுத்தான் உனக்கு எவ்வளவு தாங்கும்னு கண்டுபிடிச்சோம். பெரிய விஞ்ஞானி எவரும் வரல.

இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், நீதான் இல்ல. உங்கப்பாவுக்கு மாடி ஏற முட்டி வலி, சீட்டாடப் போக வலி இல்ல. தம்பி மறுபடியும் வேலையை விட்டுட்டான், என் பிள்ளைதானே.

பத்தியம்னு பேச்செடுத்தாலே போனை வெச்சுடற, அதான் கடுதாசி. முழுகாம ரெண்டு மாசம்னு சொன்ன, சந்தோஷம். டெஸ்ட் எல்லாம் சரியா இருக்காம். யாருகிட்ட கதை விடற? மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிட்டார், தெனமும் முட்டையாம். அவரைத் திட்டாதே. ரத்தம் எடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி மட்டும் பால் பருப்புக்குப் பதிலா டாக்டர் குடுத்த அந்தக் கசப்பு மாவைக் கரைச்சுக் குடிச்சு, யோக்கியமா இருந்துட்டு, அட்டையில ரத்தப் பொட்டு வெச்சு டெஸ்டுக்கு அனுப்பற. பன்னெண்டு வயசுல செஞ்ச அதே வேலை. அப்ப ஏமாந்தது நாங்க, இப்ப ஏமாறறது உன் வயித்துல இருக்கறது. உன் ரத்தத்துல தேங்கறது அதுக்கும்தான் போகும்; உனக்குத் தலைவலியோட போயிடும், அதுக்கு இப்பத்தாண்டி மூளையும் இதயமும் உருவாகுது. நம்ம ஒல்லி டாக்டர்கிட்டச் சொன்னேன், திட்டல, மூணு நாள் காத்திருக்காம இன்னைக்கே குத்தி அனுப்பச் சொல்லுங்கன்னார். இதைப் படிச்சு முடிச்ச கையோட குத்து. நிறுக்கறதுக்குத் தராசு ஒண்ணு பார்சல்ல தனியா வருது. நீயும் அதுவும் நல்லா இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு.

டாக்டர் ஆள் அனுப்பியிருக்கார். சின்னப் பொண்ணு, வாசல்ல கைக்குழந்தையும் துணி சுத்தின கவருமா நிக்கறா, வீட்டுல எலி தேடிட்டு வந்திருக்காளாம். நான் போகணும்.

அம்மா