ரோட்டரைத் திருப்பி அனுப்பிய வாரம்

மார்ச் 4, செவ்வாய்
காலை ஏழுக்கே சுள்ளென்று வெயில். அச்சு மிஷின் உருளை இரண்டு, காற்றடிக்கும் பிளோயர் ஒன்று, சுற்றும்போது உதறாதபடி பேலன்ஸ் பார்த்தாச்சு. மதியம் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஹெலிகாப்டர் இன்ஜினின் டர்பைன் ரோட்டர். அனுப்பியது என் பழைய கம்பெனி. அவர்களுடைய பேலன்ஸ் பார்க்கும் மிஷின் பழுதாம். கூட வந்த ரிப்போர்ட்டில் அங்கே எனக்கு மேலே இருந்த ராஜாமணி சார் கையெழுத்து.

இரண்டு வருஷம் முன்பு அவர் அவசரப்படுத்தி அனுப்பிய ரோட்டர், சோதனை ஓட்டத்தில் உதறி பேரிங் உடைந்தது. "செல்வி சரியாப் பாக்கல" என்றார், எல்லார் முன்னாலும். சரியில்லை என்று நான் எழுதிக்கொடுத்த தாளைக் காணோம். வேலை போனது. வேலையை விட்டு நின்றிருந்த அம்மா மறுபடி விஸ்வநத்தத்துக்குப் பட்டாசு வேலைக்குப் போனாள். இன்னும் போகிறாள்.

மார்ச் 5, புதன்
கேஸ் புக் பண்ணணும். தேங்காய் எண்ணெய்.

ரோட்டரைச் சுற்றவிட்டேன். ஒரு பக்கம் கனம். அதை அப்படியே விட்டு "சரி" என்று எழுதினால் அங்கே போய் உதறும். கடைசிக் கையெழுத்து ராஜாமணியுடையது, பழி அவர்மேல். அரை மணி நேரம் அந்த நினைப்பு இனித்தது. பிறகு, அதில் ஏறிப் பறப்பவன் யாரோ. அவனோடு எனக்கென்ன பகை.

கனத்தைக் குறைக்கத் தேய்க்கும் இடத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே ஆழமாகத் தேய்த்திருக்கிறது. மூன்று முறை அளந்தேன். அனுமதித்ததைவிட அதிகம். அவர் ரிப்போர்ட்டிலோ "அளவுக்குள்" என்றிருக்கிறது. நான் எதையும் கெடுக்க வேண்டாம். உள்ளதை எழுதினால் போதும்.

மார்ச் 6, வியாழன்
ராஜாமணி சாரே வந்துவிட்டார். முன்தலை வழுக்கை.
"லேசாத் தேச்சுக் குடுத்துரும்மா. அவசரம்."
"தேய்க்க இடமில்ல சார். நீங்க தேச்சதே அதிகம்."
"மெதுவாப் பேசு தாயி. ரிட்டையராக நாலு மாசந்தான் இருக்கு."
"எங்கம்மாவும் உங்க கேட்டுல நின்னு இப்படித்தான் கெஞ்சுச்சு. நீங்க வெளிய வரல."
தலையைக் குனிந்துகொண்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.
எங்கள் முதலாளி அண்ணாச்சி அளவுத்தாளை வாங்கிப் பார்த்தார்.
"இது ஆகாதுன்னு எழுதுனா அவங்க ஆர்டர் போயிரும் அண்ணாச்சி" என்றேன்.
"போனாப் போவுது. எழுதும்மா."

மார்ச் 7, வெள்ளி
ரிப்போர்ட், போட்டோ எல்லாம் அந்தக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிக்கே நேராக அனுப்பினேன். ராஜாமணி பெயரை இனிஷியலோடு எழுதினேன். பெட்டிக்கு ஆணி நானே அடித்தேன்.

சாயங்காலம் அந்த அதிகாரி போன். ராஜாமணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "பழைய ரோட்டர் பத்தியும் எழுதித் தருவீகளா?"
"தாரேன் சார். எல்லாம் ஞாபகம் இருக்கு."

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. நாலு தோசை.
அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். பிறகு, "அந்தாளு வீட்டுல யாரு யாரு இருக்காக?" என்றாள்.
தெரியாது. விசாரிக்கவும் மாட்டேன்.