பரீட்சை முடியும் வரை பாஸிலாவுக்குத் தெரிய வேண்டாம்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் ஃபாரிஸுக்கு அம்மா தாஹிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான், உன் அத்தா, உன் தங்கை பாஸிலா மூன்று பேரும் சுகம். நீ தோஹாவில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். போனில் நீயும் நல்லா இருக்கேன் என்கிறாய், நாங்களும் நல்லா இருக்கோம் என்கிறோம், அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்துத் தெரு ரஃபியாவின் மாப்பிள்ளை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுவதும் படித்து முடிக்கும் முன் பதறிப்போய்ப் போன் போடாதே. எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, உன் அத்தா தினமும் மலைக்கோட்டை பக்கம் நடந்துவிட்டு வந்துதான் பேக்கரியைத் திறக்கிறார்.

பாஸிலா பிளஸ் டூ எழுதிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இன்ஜினியரிங் படித்த பழைய மாணவிகளைக் கூப்பிட்டு ஒரு நாள் பேச வைத்தார்கள். அன்று சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் உயிர் மருத்துவம், மெக்கட்ரானிக்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று என்னென்னவோ பெயர்களை ஒப்பித்தாள். உன் அத்தா பன் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் எடுத்தால் ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கலாம், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கும் அதுதான் எண்ணம். நீயும் போனில் அதையேதான் சொன்னாய். வெயிலில் நின்று வேலை பார்க்கிறவன் நீ, நீயே சொன்ன பிறகு வேறு பேச்சு எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். அவள் மட்டும் சிவில் என்று ஒரு தடவை சொன்னாள். 'நம்ம தெருவுல தண்ணி வர்ற அன்னைக்கு எல்லாரும் வேலைய விட்டுட்டுக் குடத்தோட நிக்கிறோமேம்மா, அந்தத் தண்ணி எங்கருந்து எப்படி வருதுன்னு யாருக்காச்சும் தெரியுதா? எனக்கு அது தெரியணும்' என்றாள். முதலில் பரீட்சையை எழுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த வருஷம் நோன்பும் பரீட்சையும் சேர்ந்து வந்தது உனக்குத் தெரியும். கணக்குப் பரீட்சை முடிந்த மறுநாள் அஸர் நேரத்தில், பேக்கரியில் நோன்பு திறக்க வாங்குகிற கூட்டம் கூடுகிற சமயம், உன் அத்தா கல்லாவில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. பேக்கரி மாஸ்டர் முகமது பாரூக் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிப் பழனி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாரடைப்புதான். சர்க்கரையும் ஏகத்துக்கு ஏறியிருந்தது, அதைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்க முடியும் என்றார் டாக்டர். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு உன் அத்தா என்னிடம் பேசிய முதல் பேச்சு, 'புள்ளைக்குப் பரீட்ச முடியிற வரைக்கும் தெரிய வேணாம். ஃபாரிஸுக்கும் வேணாம், வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்' என்பதுதான். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாஸிலாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில், அத்தா இந்த வருஷம் இஃதிகாஃப் இருக்கிறார், பெருநாள் பிறை தெரிகிறவரை பள்ளிவாசலை விட்டு வெளியே வரமாட்டார், போனும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நோன்பின் கடைசிப் பத்து ஆரம்பித்த நேரம், அதனால் பொருந்தியது. அல்லாஹ்வின் வீட்டை வைத்து ஒரு பொய். அது என் மேல் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ தெரியாது. அவள் சரிம்மா என்று சொல்லிவிட்டு வேதியியல் புத்தகத்தைத் திறந்தாள்.

அதிலிருந்து காலையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன், மதியம் அவள் வருவதற்குள் வீட்டுக்கு வந்து, எங்கும் போகாதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். மதியத்துக்கு மேல் உன் சின்னத்தா அக்பர் அலி போய் அத்தாவோடு இருந்தார். நல்லவேளை, பாஸிலாவும் மதியத்துக்கு மேல் தோழி பவித்ரா வீட்டில் சேர்ந்து படிக்கிறோம் என்று போய்விட்டு நோன்பு திறக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். என் முகத்தை அதிக நேரம் பார்க்காமல் இருக்கிறாளே என்று எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நோன்புக் கஞ்சி குடிக்கும்போது அத்தா பள்ளிவாசலில் என்ன சாப்பிடுவார் என்று அவள் கேட்பாள், நானும் ஏதாவது சொல்லுவேன். நான் நன்றாகத்தான் நடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இயற்பியல் பரீட்சை அன்றுதான் ஸ்டென்ட் வைத்தார்கள். அவள் தேர்வு அறையில் இருக்கும்போது நான் ஆபரேஷன் அறை வாசலில் நாற்காலியில் இருந்தேன். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் எனக்கு அழத் தோன்றவில்லை, மணி என்ன, அவள் வீட்டுக்கு வந்திருப்பாளோ என்றுதான் தோன்றியது.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம் அத்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாஸிலாவுக்கு இன்னும் ஒரு பரீட்சை மிச்சம். மெலிந்துபோன முகத்துக்கும், ஸ்டென்ட்டுக்காகக் குழாய் விட்ட மணிக்கட்டில் இருந்த கட்டுக்கும், பிறை தெரியும் முன்பே வந்துவிட்டதற்கும் என்ன காரணம் சொல்வது என்று ஆட்டோவில் வரும்போதே தயார் செய்துகொண்டு வந்தேன். கதவைத் திறந்தவள் வாங்கத்தா என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. கட்டிலில் தலையணையை இரண்டாக அடுக்கிச் சாய்த்து வைத்தாள். நான் ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து தட்டை அவர் கையில் கொடுக்கப் போகும்போது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், 'அம்மா, அந்த வெள்ள மாத்திர சாப்பாட்டுக்கு முந்தி' என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. புத்தகத்தை மூடினாள். உன் அத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பெருநாள் பிரியாணிக்கு இஞ்சி பூண்டு அரைக்க ஆரம்பித்தேன். அன்று மிக்ஸியில் போடவில்லை, அம்மியில்தான் அரைத்தேன்.

நடந்தது இதுதான். நான் இஃதிகாஃப் என்று சொன்ன இரண்டாம் நாளே, அத்தாவின் மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடி இல்லாமல் அவரால் குர்ஆனில் ஒரு எழுத்தும் பார்க்க முடியாதே என்று எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறாள். வாசலில் இருந்தவர், சேக் பரீது பாய் இங்கே இல்லையே என்றிருக்கிறார். அங்கிருந்து நேராகப் பேக்கரிக்குப் போய், கல்லாவிலும் அவரைக் காணாமல், பாரூக்கிடம், 'மாமா, எங்கத்தா எந்த ஆஸ்பத்திரில இருக்காரு' என்று தெரிந்தவள் மாதிரியே கேட்டிருக்கிறாள், அவரும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பவித்ரா வீட்டுக்குப் போவதாகச் சொன்ன மதியமெல்லாம் அவள் அத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அக்பர் அலிக்கும் தெரியும், நர்ஸுகளுக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. மகள் நோன்போடு இருக்கத் தான் மட்டும் இட்லி தின்ன வெட்கப்பட்டு உன் அத்தா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சாப்பிடுவாராம், அக்பர் அலி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் கூப்பிட்டு, ஏண்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். 'எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தாம்மா நீங்க தெம்பா நடமாடுனீங்க. தெரியும்னு சொல்லிருந்தா செத்த நேரத்துல இடிஞ்சு ஒக்காந்துருப்பீங்க. அப்பறம் அத்தாவ யாரு பாக்குறது, நான் எப்படிப் பரீட்ச எழுதுறது' என்றாள். வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு நறுக்கச் சொன்னேன், நறுக்கினாள்.

அந்த மதியங்களில் இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. படுத்தே கிடந்த உன் அத்தாவுக்குப் பொழுது போகாமல், அன்றைக்கு என்னவோ படிப்பெல்லாம் சொன்னியே, ஒவ்வொன்றாகச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். சிவிலுக்கு வந்ததும் வியாபாரிக்கே உரிய கேள்விகளாகக் கேட்டிருக்கிறார், யார் வேலை கொடுப்பார்கள், எங்கே தங்குவது, ஆம்பளையாட்கள் சொன்னதைக் கேட்பார்களா என்று. அவளுக்கும் தெரியவில்லை. பவித்ராவின் அக்கா மலர்விழி செம்பட்டி பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறாள். அவளையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் உன் தங்கை. உன் அத்தா, ஒதுங்க இடம் இருக்குமா என்று வரைக்கும் கேட்டிருக்கிறார். 'பாதி எடத்துல இருக்காது அங்கிள், பக்கத்து வீட்டுல கேட்டுப் போவேன். நான் சொல்றத மொதல்ல யாரும் கேக்கவும் மாட்டாங்க. தண்ணி ஏறாத தெருவுல ஏத்திக் காட்டுனா கேப்பாங்க' என்றாளாம். அவள் போன பிறகு உன் அத்தா, 'எனக்குச் சம்மதம், ஒங்கம்மா சரின்னு சொல்லணும்' என்று பாஸிலாவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் சரி என்று சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். மே மாதம் ரிசல்ட் வந்தது, கணக்கில் நூறு, இயற்பியலில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த நேரத்தில் எழுதிய பரீட்சை, மனசு எங்கே ஓடியிருக்கும். கட்-ஆப் குறைந்ததால்தான் சிவில் என்கிறாள் என்று சொந்தத்தில் பேச ஆரம்பித்தார்கள், அதில் அவளுக்கு வருத்தம். ஒரு நாள் காலை அவளிடம் சொல்லிவிட்டே செம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ரோட்டோரம் தோண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் மலர்விழி தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள், என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதைக் கேட்டேன். ஆளில்லாத ரோட்டில் ஒத்தையில் வண்டியில் போய்வர உனக்குப் பயமாக இல்லையா என்று. 'பயமாத்தான் இருக்கும்மா. போயிட்டு வந்துருவேன்' என்றாள். பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் அவள் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். பாஸிலா வாசலிலேயே நின்றாள். கவுன்சிலிங்கில் முதலில் சிவிலையே போடு என்றேன். போட்டாள். நேற்று ஆர்டர் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் ஒரு அரசுக் கல்லூரியில் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்க வேண்டும். இனி நீ போன் போட்டு வேறு பாடம் மாற்றலாமே என்று ஆரம்பிக்காதே.

இவ்வளவும் எழுதி முடித்து உன் அத்தாவிடமும் பாஸிலாவிடமும் படிக்கக் கொடுத்தேன். இனி இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம், எனக்கு அலுத்துவிட்டது. உன் அத்தா எல்லாம் சரியாக இருக்கிறது, போர்வை விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம் என்றார். பாஸிலாதான் ஒரு இடத்தில் விரலை வைத்து, 'அத்தாவ நெனச்சு மார்க் போகலம்மா. ரெண்டு பாடத்தப் படிக்காம விட்டேன், அதுலருந்தே கேட்டுட்டாங்க. அண்ணனுக்கு என்னய ரொம்ப நல்லவளா எழுதாதீங்க' என்றாள். இதில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன், நீ உன் தங்கையை அறிந்தவன்.

அத்தாவைப் பார்க்க என்று லீவைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே, முறைப்படி டிசம்பரில் வந்தால் போதும். பெருநாளுக்கு நீ போன் போட்டபோது அத்தாவுக்கு லேசான காய்ச்சல் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கும் வயது முப்பதை நெருங்குகிறது, நீயும் ஒரு தடவை இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள், எண்ணெய்ப் பண்டத்தைக் குறை, ஐந்து வேளையையும் விடாதே. வரும்போது சென்ட்டும் சாக்லேட்டும் வேண்டாம், வீட்டில் போன தடவை கொண்டுவந்ததே இருக்கிறது. நீ வேலையில் போடுகிறாயே, முனையில் இரும்பு வைத்த ஷூ, அது பெண்பிள்ளைகள் அளவில் அங்கே கிடைக்குமா என்று விசாரி. இங்கே கேட்ட கடையிலெல்லாம் ஆம்பளை அளவுதான் இருக்கிறது என்கிறார்கள். பாஸிலாவை வெள்ளைத் தாளில் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் நானே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கனமான காலுறை போடுவாள், அதனால் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி வாங்கு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தருவானாக. அத்தா உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா,
தாஹிரா