கடைசி வாங்கு இல்லாத அறை

இன்று காலை கடைக்குப் போகும் வழியில், ஒரு வேலியில் கரைவலைக் கயிற்றைக் காயப் போட்டிருந்தார்கள். உப்பும் பாசியும் கலந்த அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. நீர் போன பிறகு உம்மைப் பற்றி யாரோடும் நான் அதிகம் பேசவில்லை. "நல்ல அதிபர், பாவம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதனால் உமக்கே எழுதுகிறேன்.

ஓலைத்தொடுவாய்க் கரையில் நாம் மணலில் பள்ளிக்கூடம் போட்ட பின்னேரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. நீர் தலைமை ஆசிரியையாய் இருந்து எழுப்ப நினைத்த புதிய ஆரம்பப் பள்ளிக்கு அப்போதுதான் காணி கிடைத்திருந்தது. வரைபடத்தைக் காகிதத்தில் காட்டினால் தாய்மார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்கள் அறைக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்று, முழு அளவில் கயிறு போடச் சொன்னீர். ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னையும் இழுத்து வந்தீர்.

"அடியே பிலோமி, சுவருக்குள்ளால போறாய். நீ என்ன ஆவியே?" என்று ஒரு தாய் இன்னொருத்தியைக் கேலி செய்தாள்.

"வாசலைக் காட்டுங்கோவன், அதால போறன்."

வாசல்தான் பிழையாகிப் போயிருந்தது. நீர் கேட்டது சதுர அறை. காற்று வரட்டும் என்று வாசலைக் கடல் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தீர். கயிறு போட்டவர்களோ, கடலில் வலையை வளைத்துக் கரைக்கு இழுக்கும் சூசையண்ணையின் கரைவலை ஆட்கள். வளைத்துப் பழகிய கைகள், கதையோடு கதையாக, வலையின் வயிறு போலக் கயிற்றைக் கடல் பக்கம் வளைத்து, இரண்டு தலைப்பையும் ஊர்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டன.

"என்னண்ணை, பிள்ளையளைப் படிப்பிக்கவோ, பிடிக்கவோ போறியள்?" என்று கேட்டீர்.

"பிடிச்சாத்தானே ரீச்சர் படிப்பிக்கலாம்" என்றார் சூசையண்ணை.

எல்லோரும் சிரித்தோம். கயிற்றைத் திருப்பிப் போடச் சொல்வீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் வளைவின் நடுவில் போய் இருந்துகொண்டு, தாய்மாரைக் கயிற்றோரமாக இருக்கச் சொன்னீர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர். "அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ. இதில கடைசி வாங்கே இல்லை. வாசலும் ஊரைப் பாத்துக்கொண்டு இருக்கு. இப்பிடியே கட்டுவம்."

வகுப்பின் பின்வரிசையில் கிடக்கும் அந்தக் கடைசி வாங்குப் பலகை உமக்கு ஏன் அவ்வளவு பெரிய விசயம் என்பது எனக்குத் தெரியும். காற்று மாறியதும் சில குடும்பங்கள் வேறு கரைக்குப் போய், வாடி என்று ஓலைக் கொட்டில் போட்டு, மாதக்கணக்கில் அங்கேயே தொழில் செய்யும். பிள்ளைகளும் கூடப் போவார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். அவர்களுக்குக் கிடைப்பது கடைசி வாங்கு. ஜெசிந்தாவையே எடுத்துக்கொள்வோம். பெட்டியிலுள்ள ஐஸின் பாரத்தைக் கழித்து மீனின் நிறையைச் சொல்லக்கூடிய பிள்ளை, கழித்தல் கணக்கில் பூச்சியம் வாங்கிக்கொண்டு பழைய பள்ளியின் பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். நீரும் ஒரு காலத்தில் வாடிப் பிள்ளைதான். அந்தச் சுவரின் சூடு உமது முதுகுக்குத் தெரியும்.

அவள் வாடிக்குப் போனாலும் நீர் விடவில்லை. இன்றைக்கு என்ன காற்று, என்ன மீன் என்று தாயின் போனில் குரல் பதிந்து உமக்கு அனுப்புவாள். அதை வகுப்பில் போட்டுக் காட்டி, மற்றப் பிள்ளைகளுக்கு அதிலிருந்தே கணக்கு உண்டாக்கி, பதிலை உமது குரலில் அனுப்புவீர். "வாடியும் எங்கட வகுப்புத்தான் அக்கா. கொஞ்சம் தூரத்தில இருக்கு, அவ்வளவுதான்."

கல்விக் கந்தோர் அதிகாரிகள் வளைந்த சுவருக்கு இலேசில் சம்மதிக்கவில்லை. கூரை போடுவது கரைச்சல், வழக்கமான வரைபடமே போதும் என்றார்கள். நீர் நடையாய் நடந்தீர். மார்பில் கட்டி இருப்பதை எனக்குச் சொன்னதே அப்படி ஒருநாள் திரும்பி வரும் பஸ்ஸில்தான்.

"முதல்ல கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போம்" என்று ஏசினேன்.

"இப்ப போனா நேர்ச் சுவர் எழும்பிடும் அக்கா. அத்திவாரம் வெட்டினவுடன போறன்."

அத்திவாரம் வெட்டிய பிறகு போனீர். பிந்திவிட்டது என்றார்கள்.

உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வரும்போது அந்தக் காணியைக் கடந்துதான் வந்தேன். சுவர் நெஞ்சளவுக்கு எழும்பியிருந்தது. வளைந்துதான் இருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு சுவர் நேராய் இருந்தால்தான் என்ன? நீர் இருந்திருப்பீரே. அதைக் கடலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். இன்றைக்கும் அந்த ஆத்திரம் முழுதாக ஆறவில்லை.

பள்ளி திறந்தாகிவிட்டது. காலையில் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். பின்னேரங்களில் வாசல் பக்கத்தில் தாய்மாரும் வந்து இருக்கிறார்கள், நீர் விரும்பியபடிதான். போன கிழமை காற்று மாறி, வாடிக் குடும்பங்கள் திரும்பின. ஜெசிந்தா தாயோடு வந்து வாசலில் நின்று, அறையை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை பார்த்தாள். தான் இருக்க வேண்டிய வாங்கைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"அதிபர் ரீச்சர் எங்க?" என்று கேட்டாள். "நான் அனுப்பினது ஒண்டுக்கும் அவ பதில் அனுப்பேல்லை. என்னோட கோவமோ?"

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை சாப்பிடாமல் கிடப்பாள் என்று பயந்து, நீர் இறந்த செய்தியை வாடியில் வைத்து அவள் சொல்லவில்லை. இனியும் தன்னால் முடியாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

நான் சொன்னேன். என்ன சொற்களில் சொன்னேன் என்று உமக்கு எழுத முடியவில்லை. அவள் அழவில்லை. வாசற்படி மணலைக் கால்விரலால் கீறிக்கொண்டே நின்றாள்.

"அப்ப திரும்பி வாடிக்குப் போகேக்க, நான் சொல்லுறதை ஆர் கேக்கிறது?"

"நான்" என்றேன்.

"உங்களுக்குப் போனில அனுப்பத் தெரியுமோ ரீச்சர்?"

"தெரியாது. நீ காட்டித் தா."

காட்டித் தந்தாள். எனக்குக் கண்ணில் படலம், முழங்கால் நோவு. இந்த வயதில் இப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டேன். காற்று எத்தனை தரம் மாறினாலும் அவள் படித்து முடிக்கும்வரை நான் இருந்தாக வேண்டும். இருக்கப் பார்க்கிறேன் தங்கச்சி. அவளுக்கு வேண்டியது உம்முடைய குரல். என்னிடம் இருப்பது என்னுடையது மட்டும்தான்.