தலையில் முளைத்த கால்முடி

டேய் தம்பி,

எழுந்ததும் கண்ணாடியைப் பார்! மூளைக்கட்டி எடுத்த இடத்தை மூட உன் தொடைச் சதையை வைத்துத் தைத்தார்களே, ஓரம் கருத்துப்போனது என்று மறுபடி வெட்டித் தைத்தார்களே, அந்த ஓரம் இன்றைக்கு இளஞ்சிவப்பு! நீ தூங்கும்போது விரலால் மெல்ல அழுத்தினேன். வெளுத்துவிட்டு உடனே சிவந்தது. ரத்தம் ஓடுகிறதடா! நடுவில் இரண்டு முடி வேறு. சாட்சாத் உன் கால்முடி!

"இதுவும் அழுகத்தான் போகுது, விட்டுடுக்கா"ன்னு நேற்று கத்தினாயே, இப்போது கத்து பார்க்கலாம்.

சாப்பாடு மேஜைமேல். நர்ஸ் வந்தால் தூங்குவதுபோல் நடிக்காமல் தலையைக் காட்டு.

அக்கா

மறந்தே போனேன்: தலையை யாரும் பார்க்கக் கூடாதென்று நீ மாட்டிக்கொள்ளும் தொப்பியைத் தேடாதே. அது இறுக்கினால் ரத்தம் போகாதென்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆபீசுக்கு நானே போட்டுக்கொண்டு போகிறேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.